வகுஎண்

நாலாம் பெட்டியில் ஒரு ரசீது:
புத்தகத்தைச் சேதப்படுத்தியதற்கு அபராதம்,
ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ், 1958.
எந்தப் புத்தகம், என்ன சேதம், ஒன்றுமில்லை.
'இதர தாள்கள்' என்று பென்சிலால் எழுதி
உறையிலிட்டு மறந்துபோனேன்.

டர்பனில், வெஸ்ட்வில் குன்றின்மேல் காப்பகம்.
சன்னல் கம்பிக்கு வெளியே குரங்குகள்
என் மதிய ரொட்டிமேல் கண்ணாயிருக்கும்.
ஆறு மாத ஒப்பந்தம். பதினேழு பெட்டிகள்.
அத்தனையும் தைலம்மா பொன்னன், பொருளியலாளர்.
இரண்டு ஆய்வேடுகள், கிழியாத பஸ் டிக்கெட்டுகள்,
பல் வைத்தியருக்குத் தீராத பாக்கி.

முதல் ஏடு 1953.
ஐரோப்பியரல்லாதோர் பிரிவு, மாலை வகுப்பு.
உம்சிந்தோப் பக்கத் தோட்டமொன்றின்
பழைய கூலிப் பேரேட்டைக் கையால் பிரதியெடுத்து
நாலாயிரத்து எழுநூற்று எழுபத்தைந்து ஷில்லிங்கை
நானூற்றுப் பன்னிரண்டால் வகுத்திருக்கிறார்.
சராசரி மாதக் கூலி
பதினொரு ஷில்லிங் ஏழு பென்ஸ்.
"சுத்தமான கணக்கு" என்கிறார் தேர்வாளர்.

ஒன்பதாம் பெட்டியில்
சர்க்கரைக் கம்பெனியின் ஆண்டுவிழா மலர்.
வழவழத்தாள், கரும்புப் பூ. ஆறாம் பக்கத்தில்:
"ஓர் இந்தியப் பெண்மணியே ஒப்புகிறார்,
கூலி தாராளமாகத்தான் இருந்தது."
அந்தத் தாராளத்தின் அடியில்
பேனா முள் தாளைக் கிழித்திருக்கிறது.

பிறகு ஒரு பள்ளிக்கூட நோட்டு.
முழுக்க அதே வகுத்தல், மறுபடி, மறுபடி.
எல்லாம் ஆங்கிலம்.
முப்பத்தோராம் பக்கம் மட்டும் தமிழ்:

"பொம்பளைங்க கூலியைக் கூட்டினேன்.
பொம்பளைங்களைக் கூட்டலை."

பேரேட்டில் அவர்களுக்குப் பெயரில்லை.
ஆணின் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கோடு.
நூற்று முப்பத்தொரு கோடுகள்.
கோட்டுக்கு ஐந்து ஷில்லிங்,
ஆணுக்கு அளந்ததில் பாதி அரிசி.
ஐந்நூற்று நாற்பத்து மூன்றால் வகுத்தால்
எட்டு ஷில்லிங் ஒன்பதரைப் பென்ஸ்.

சொந்தச் செலவில் பிழைத்திருத்தம் அச்சிட்டார்.
கிரே தெரு அச்சகம், பன்னிரண்டு துண்டுகள்,
கல்யாணப் பத்திரிகை வெட்டியதில் மிஞ்சிய தாள்,
ஓரத்தில் பொன்கோடு.
நூலகரின் பதில் மரியாதையானது:
பைண்டு செய்த நூலில் எதையும் ஒட்ட இயலாது.
வேண்டுமானால் இன்னோர் ஆய்வேடு எழுதலாம்.

எழுதினார். பதினோரு ஆண்டு.
தோட்டக் கணக்குகளில் தலையெண்ணும் முறை பற்றி
அறுநூற்றிரண்டு பக்கம்.
பின்னட்டைத் தேதிச்சீட்டில் மூன்றே முத்திரை.
இரண்டு அவரே எடுத்ததாக இருக்கலாம்.

உறையிலிருந்த துண்டுகளை எண்ணினேன். பதினொன்று.
இவரோடு பழகிய தோஷம், மறுபடி எண்ணினேன்.
பதினொன்று.

மின்வெட்டு நேரம். கைபேசி வெளிச்சத்தில்
மூன்றாம் மாடி ஏறி முதல் ஏட்டை இறக்கினேன்.
எண்பத்தேழாம் பக்கம்.
சோற்றுப் பசை.
பொன்கோடு கோணலாக,
யாரோ வரும் காலடி கேட்டவள் ஒட்டியதுபோல.
கஞ்சி வாசத்துக்கு வந்த வெள்ளிப்பூச்சி
எட்டைத் தின்று
அடியிலிருந்த பதினொன்றையும் தின்று
அடுத்த பக்கத்தின் பாதிவரை போயிருக்கிறது.

ஏழரை ஷில்லிங்.
கோடாய் நின்ற ஒருத்திக்கு ஒன்றரை மாதக் கூலி.

ரசீதை 'இதர'விலிருந்து எடுத்துவிட்டேன்.
எங்கே வைப்பதென்று விதிப்புத்தகத்தில் இல்லை.
விவரக் குறிப்பு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்;
அந்த மொழியில்
பிழைக்கும் பிழைப்புக்கும் உறவு கிடையாது.

கீழே வந்தபோது ரொட்டி போயிருந்தது.
படிவத்தில் 'துண்டுகள், எண்ணிக்கை' என்ற கட்டம்.
பதினொன்று என்று எழுதி, அடித்து,
பன்னிரண்டு என்றேன்.
கேட்டால் சொல்வேன்,
ஒன்று பூச்சியின் வயிற்றில்.